மே மாசம் சார்

சேலையூர் கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் எங்கள் காலனியின் சரித்திரத்தில், ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் ஒன்றே ஒன்றுதான். கொசு மருந்து அடிக்கலாமா என்று கேட்டபோதுகூட எதிர்ப்பு இருந்தது. இங்கே அடித்தால் செத்த கொசுக்களின் இடத்துக்குப் பக்கத்துக் காலனிக் கொசுக்கள் குடிவந்துவிடும் என்று ஒருவர் அரை மணி நேரம் வாதாடினார். தெருநாய்களைப் பிடிக்கும் விஷயத்தில் நாய்களுக்கு ஆதரவாகவே கணிசமான ஓட்டு விழுந்தது. ஆனால் ஒரு மனிதரைக் காலனியைவிட்டு வெளியே அனுப்ப வேண்டும் என்று வந்தபோது எல்லோரும் ஒன்றாகிவிட்டார்கள். நானும் என் மனைவியும் எதிர்த்துக் கை தூக்கினோம். எங்கள் கைகள் கணக்கில் ஏறவில்லை. கொசு விரட்டுகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

அந்த மனிதர் 'மே மாசம் சார்'. அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். காலனியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்க லீவு, பன்னிரண்டு மாதமும் மே மாதம் என்பதால் யாரோ கேலியாக வைத்த பெயர் அது. கேலியாகவே கடைசிவரை நிலைத்துவிட்டது.

எங்கள் எதிர்வீட்டுக் கீழ்ப்பகுதிக்கு அவர் குடிவந்தது இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆனபின். ஒல்லியான ஆள். கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிடும் பேன்ட். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். மனைவி குரோம்பேட்டைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அந்தம்மா வெள்ளை யூனிபாரத்தில் பஸ் ஏறப் போவார். இவர் மாடியில் துணி காயப்போடுவார். இதுவே காலனிக்கு ஒரு வாரத்துக்குப் போதுமான பேச்சு. இரண்டாவது வாரம்தான் யாரோ கவனித்தார்கள்: பெண் கயலும் பையன் பாரியும் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குத் தெருவில் உட்கார்ந்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செய்தி செக்ரட்டரிக்குப் போயிற்று. எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி ஒரு தனியார் கம்பெனியில் மேனேஜர். மாலை நேரத்தில் காலனிக்கும் மேனேஜர். அன்றைக்கே எதிர்வீட்டு கேட்டைத் திறந்துகொண்டு போனார். நான் பால்கனியில் துண்டை உதறுவதுபோல நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பசங்க எந்த ஸ்கூல் சார்?"

"ஸ்கூல் இல்லை சார். வீட்லயேதான்."

செக்ரட்டரி குரலைத் தாழ்த்தினார். "அட்மிஷன் பிராப்ளமா? தயங்காம சொல்லுங்க. கரெஸ்பாண்டென்ட் நமக்குத் தெரிஞ்சவர்தான்."

"அட்மிஷன் எல்லாம் இருந்தது. நாங்கதான் வேண்டாம்னு நிறுத்திட்டோம்."

"உடம்புக்கு ஏதாவது..."

"யாருக்கு?"

செக்ரட்டரி அவருடைய தலையைப் பார்த்தார். திரும்பி வந்துவிட்டார்.

மே மாசம் சார் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் என்பது பிறகு தெரிந்தது. யாராலும் நம்ப முடியவில்லை. காரணம், அவர் வாயில் அடிக்கடி வந்த சொல் "தெரியலையே". மழைக்கு முன்னால் தும்பி ஏன் தாழப் பறக்கிறது? "தெரியலையே." தாம்பரம் ரயில் மின்சாரத்தில் ஓடுகிறதே, ஷாக் ஏன் அடிப்பதில்லை? "அட, தெரியலையே. எப்படிக் கண்டுபிடிக்கலாம்?" கேட்ட பிள்ளை அவரை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, பாவம் இவருக்காவது சொல்லலாம் என்று தானே போய்க் கண்டுபிடித்துக்கொண்டு வரும். எங்கள் தெருப் பெண்மணிகள் பேசிக்கொண்டார்கள்: "ஒண்ணுமே தெரியாதாம். அதான் வேலையைவிட்டுத் தூக்கியிருப்பாங்க."

வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார். எனக்குச் சொன்னது, சாக்பீஸ் தூள் ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு, பள்ளிக்கூட மணிச் சத்தம் காதுக்கு ஆகவில்லை. செக்ரட்டரிக்கு, டை கட்டினால் மூச்சு முட்டுகிறது. மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த காலனி, மூன்றும் பொய் என்று சரியாகவே முடிவுசெய்தது.

அந்த வருஷக் கோடை, தண்ணீருக்காகச் சென்னை நாக்கைத் தொங்கப்போட்ட கோடை. பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள். லீவு என்றால் எங்கள் காலனியில் என்ன அர்த்தம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் நித்யா அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தாள். காலையில் அபாகஸ், அது முடிந்ததும் ஹிந்தி, மத்தியானம் கையெழுத்துப் பயிற்சி, சாயங்காலம் கீபோர்டு. நடுவில் சாப்பாடு, ஆட்டோவிலேயே. ஒரு மாதம் போல இப்படி ஓடியபிறகு ஒருநாள் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "அப்பா, எங்களுக்கு லீவு எப்போ விடுவாங்க?" என்று கேட்டாள். விட்டாயிற்று, இதுதான் லீவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் கையெழுத்துப் பயிற்சிக்கு அவளைக் காணோம் என்று போன் வந்தது. என் மனைவி வசந்தா தேடிக்கொண்டு போனால், எதிர்வீட்டு வாசலில் கயலோடு உட்கார்ந்து பழைய சைக்கிள் ஒன்றின் செயினைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கிரீஸ். வசந்தா திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். நித்யா நிமிர்ந்து, "அம்மா, பெரிய சக்கரம் ஒரு தடவை சுத்தினா சின்னது எத்தனை தடவை சுத்தும் தெரியுமா?" என்றாள். வசந்தாவுக்குத் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து எண்ணினாள். அதோடு கையெழுத்துப் பயிற்சி முடிந்தது. நித்யாவின் கையெழுத்து இன்றும் மோசம்தான்.

ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் அந்த வீட்டுக்கு நழுவின. பெற்றவர்கள் முதலில் கொதித்தார்கள். பிறகு யோசித்தார்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் ஆபீஸ் போகும் வீடுகள் பாதிக்குமேல். பத்திரமான இடம், எந்நேரமும் ஆள் இருக்கிறார், பைசா கேட்பதில்லை. எட்டிப் பார்க்கக் கூடாது என்று தடுத்த வீட்டுக்கு, டிபன் டப்பா கொடுத்தே அனுப்ப ஆரம்பித்தார்கள். செக்ரட்டரியின் மகன் விக்னேஷ் மட்டும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு அழுதுகொண்டே போய்க்கொண்டிருந்தான். இரண்டு வாரத்தில் அவனும் வந்துவிட்டான். அவன் அம்மாதான் அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்பினார்.

அந்த வீட்டில் பாடம் என்று ஒன்று நடந்து நான் பார்த்ததில்லை. பீர்க்கன்கரணை ஏரி வறண்டு கிடக்கிறதாம் என்று யாராவது சொன்னால் மொத்தக் கூட்டமும் கிளம்பிவிடும். அவர் பின்னால் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார். ஏரிக்குள் நடந்தார்கள். நத்தை ஓடு, ஒற்றைச் செருப்பு, யாரோ வீசிப்போட்ட ஒரு தையல் மிஷின் என்று என்னென்னவோ கிடைத்தன. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் நித்யா கேட்டாள்: "சேறு காஞ்சா ஏன்ப்பா கட்டம் கட்டமா வெடிக்குது? ஏன் வட்டமா வெடிக்கலை?" நான் பி.காம். எழுந்து கை கழுவப் போய்விட்டேன். அன்று காலனியில் பல வீடுகளில் அப்பாக்கள் சீக்கிரமே கை கழுவினார்கள்.

விக்னேஷுக்கு உப்புமா பிடித்துக்கொண்டது. சாப்பிட அல்ல, கிளற. நாலு பேருக்கு இவ்வளவு ரவை என்றால் பதினோரு பேருக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்து, ஒருநாள் களியும் ஒருநாள் மணலுமாகச் செய்து, கடைசியில் ஒருநாள் உப்புமாவே செய்துவிட்டான். கணக்கில் தேறாத பையன் அவன். அவன் அப்பாவுக்கு விஷயம் தெரிந்தபோது, "ஆம்பளப் பையனுக்கு அடுப்படி வேலையா சொல்லித் தராரு அந்த ஆளு?" என்று கத்தினார். ஆனாலும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு இரண்டாம் தவணை கட்ட வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன் பிள்ளைகளைக் கோவளம் கூட்டிப்போவார். ஒரு ஞாயிறு நானும் நித்யாவும் சேர்ந்துகொண்டோம். கேளம்பாக்கத்தில் பஸ் மாறிப் போய் இறங்கும்போது கரையில் படகுகள் வந்து மீன் ஏலம் நடந்துகொண்டிருந்தது. கூடைகளைச் சுற்றிக் கும்பல். ஏலம் விட்ட அம்மாளுக்கு இவர்களைத் தெரிந்திருந்தது.

பாரியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவனுக்கு அப்போது ஒன்பது வயது இருக்கும். திக்கும். எல்லா எழுத்திலும் திக்கும். 'ப'வில் அடைத்தே போகும். அவன் பெயரே 'ப'வில் ஆரம்பித்தது. அதனால் புதியவர்கள் யாராவது வந்தால் அக்காவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவான்.

அந்த அம்மாள் அவனைப் பார்த்துக் கை ஆட்டினாள். "டேய் ஒல்லி, இங்க வா. எனக்குத் தொண்ட கட்டிகிச்சு. இந்தக் கூடைய நீ வுடு பாக்கலாம்."

நான் மே மாசம் சாரைப் பார்த்தேன். தடுப்பார் என்று நினைத்தேன். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாரி கூடைக்குப் பக்கத்தில் போனான். ஒருதரம் எச்சில் விழுங்கினான். அப்புறம் வந்ததே ஒரு குரல். "கூடை சங்கரா நூறு! நூறு, நூறு, நூறு! அண்ணன் கேக்கறாரு நூத்திப் பத்து! அக்கா கேக்கறாங்க நூத்தி இருவது! பாரு பாரு, கண்ணப் பாரு, காலையில புடிச்ச மீனு!" அந்த அம்மாளின் ராகத்திலேயே, ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல், 'ப'வையெல்லாம் பந்துபோல உருட்டிக்கொண்டு போனான். கும்பல் சிரித்தது. அது வேறு சிரிப்பு. கூடை போய்விட்டது.

"இன்னா கொரலுடா உனுக்கு! பேரு இன்னா?"

ராகம் முடிந்துவிட்டது. பாரிக்கு அடைத்துக்கொண்டது. "ப... ப... ப..."

அந்த அம்மாள் மீன் செதில் ஒட்டிய கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். "மெதுவா சொல்லு கண்ணு. மீனு எங்க ஓடிடப் போவுது?" என்றாள். வாங்க வந்தவர்களும் காத்துக்கொண்டு நின்றார்கள். நேரம் எடுத்துக்கொண்டு அவன் தன் பெயரைச் சொன்னான். "நல்ல பேரு," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கூடைக்குப் போனாள்.

மே மாசம் சார் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மணலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சாக்பீஸ் தூள்னு உங்ககிட்ட பொய் சொன்னேன் சார்," என்றார். "அவன் நான் வேலை பார்த்த ஸ்கூல்லதான் படிச்சான். அவன் கிளாஸும் நான் பாடம் எடுக்கற கிளாஸும் பக்கத்துப் பக்கம். நடுவில பிளைவுட் தட்டி. தினமும் காலையில அந்த மிஸ் அவனை எழுப்பிப் பேரைச் சொல்லச் சொல்லுவாங்க. கிளாஸே சிரிக்கும். எனக்கு இந்தப் பக்கம் கேக்கும்."

அவர் மணலை அள்ளி அள்ளி விட்டார்.

"உடனே போய்த் தூக்கிட்டு வந்தேன்னு நெனைக்காதீங்க. போகலை. வாத்தியார் பாதியில கிளாஸைவிட்டுப் போனா டிசிப்ளின் கெட்டுடும்னு நின்னேன். அந்த டெர்ம் முழுக்க, தினமும் கேட்டுக்கிட்டே கணக்குப் போட்டேன். ஒருநாள் என் கிளாஸ் பசங்களே அந்தப் பக்கத்துச் சத்தத்தைக் கேட்டுச் சிரிச்சாங்க. நான் இங்க நிக்கறேன், என் எதிரிலேயே. அப்பத்தான் சாக்பீஸைக் கீழ வெச்சேன்."

திரும்பும் பஸ்ஸில் பாரி டிக்கெட் கேட்டான். திக்கித் திக்கித்தான் கேட்டான். கண்டக்டர் அவன் முடிப்பதற்குள் அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

தண்ணீர் லாரி விவகாரம் அதற்கு அடுத்த வாரம் வந்தது. காலனிக்குப் பொதுவான தொட்டி ஒன்று உண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி காலையும் மத்தியானமும் வந்து அதில் ஊற்றும். பிள்ளைகள் தொட்டிக்குள் ஒரு கம்பை விட்டு லாரி வரும் முன்னும் போன பின்னும் ஈரம் எதுவரை இருக்கிறது என்று கோடு போட்டுவைத்தார்கள். சும்மா விளையாட்டுக்குத்தான். காலையில் வரும் லாரி நிறைய ஊற்றுகிறது, மத்தியான லாரி குறைவாக ஊற்றுகிறது, இரண்டும் ஒரே லாரி. ஏன் என்று மே மாசம் சாரிடம் கேட்டார்கள். அவர் வழக்கம்போலத் தெரியலையே என்றார்.

கயலும் நித்யாவும் சைக்கிளை எடுத்துக்கொண்டு மத்தியான லாரியின் பின்னால் போனார்கள். அது வரும் வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நின்று கொஞ்சம் இறக்கிவிட்டு வந்தது. தொட்டியடியில் குடத்தோடு எல்லோரும் நிற்கும்போது கயல் டிரைவரிடம் சாதாரணமாகக் கேட்டாள்: "அண்ணா, மண்டபத்துல ஏன் நிறுத்தினீங்க?"

டிரைவர் பதறிவிட்டார். "இன்னாம்மா, எதுனாச்சும் தப்பா நெனச்சுகினு கீறியா? நானாவா ஊத்தறேன்? உங்க செக்ரட்டரி சார்தான் சொன்னாரு. அவரு மச்சான் மண்டபமாமே. என்னப் போயி பேஜார் பண்றியே!"

செக்ரட்டரியும் அங்கேதான் நின்றிருந்தார், சட்டை போடாமல், கையில் வாளியோடு.

காலனி பொங்கி எழும் என்று நான் எதிர்பார்த்தேன். எழுந்தது. யார்மீது என்பதில்தான் ஏமாந்தேன். "சின்னப் பசங்களை லாரி பின்னாடி வேவு பார்க்க அனுப்பறாரே, ஏதாவது ஆகியிருந்தா?" என்று ஆரம்பித்தார்கள். தண்ணீர் பற்றிய பேச்சு ஆவியாகிப் போயிற்று. மண்டபத்தில் எங்கள் காலனிக் கல்யாணங்களுக்குத் தள்ளுபடி உண்டு என்பதை யாரோ ஞாபகப்படுத்தியிருந்தார்கள்.

ஜூனில் பள்ளிகள் திறந்தன. அன்று காலை விக்னேஷைக் காணவில்லை.

யூனிபாரம் போட்டு, ஷூ மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் இறங்கியவன் வேனில் ஏறவில்லை. செக்ரட்டரி நேராக எதிர்வீட்டுக்கு வந்தார். "என் பையனைக் கடத்தி வெச்சிருக்கியா? போலீஸைக் கூப்பிடட்டுமா?" மே மாசம் சார் கதவை முழுக்கத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார். உள்ளே கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார்கள். கடைசியில் வசந்தாதான் மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அவனைக் கண்டுபிடித்தாள். தூங்கிப்போயிருந்தான். பையைத் திறந்தால் புத்தகம் இல்லை. ஒரு பாக்கெட் ரவை, நாலு வெங்காயம், ஒரு தூக்குச் சட்டியில் எண்ணெய்.

"நான் ஸ்கூலுக்குப் போலப்பா. உப்புமா கிண்டிப் பொழச்சுக்கறேன்," என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் அப்பா அறைந்த அறையில் அது போய்விட்டது.

அந்த ஞாயிறு பொதுக்கூட்டம். செக்ரட்டரி வீட்டுக் கார் ஷெட்டில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டார்கள். மே மாசம் சார் மனைவியோடும் பிள்ளைகளோடும் வந்தார். பிள்ளைகள் எதற்கு என்று கேட்டவரிடம், "அவங்களைப் பத்தித்தானே பேசப்போறீங்க? அவங்களும் கேக்கட்டும்," என்றார். அது அவர் செய்த தவறு என்று இன்றுவரை எனக்குத் தோன்றுகிறது.

குற்றச்சாட்டுகள் குவிந்தன. என் பையன் எதிர்த்துக் கேள்வி கேட்கிறான். என் பெண் வெயிலில் கறுத்துவிட்டாள். மிஸ் சொன்னதைத் தப்பு என்கிறான். ஹிந்தி மறந்துவிட்டது. யூனிபாரம் போட்ட பிள்ளைகள் காலையில் வேனுக்கு நிற்கும்போது இவர் பிள்ளைகள் மதிலில் உட்கார்ந்து காலாட்டுவதைப் பார்த்தால் மற்ற பிள்ளைகளின் மனசு என்ன ஆகும்?

வசந்தா எழுந்தாள். "ஒரு மாசமா டிபன் டப்பாவைக் குடுத்துப் பிள்ளைங்களை அங்க விட்டுட்டுத்தானே எல்லாரும் நிம்மதியா ஆபீஸ் போனோம்? அப்பக் கெடலையா?" என்றாள்.

எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். செக்ரட்டரி பாரியின் பக்கம் திரும்பினார்.

"நீயே எந்திரிச்சு சொல்லுப்பா. உன் பேரென்ன, என்ன படிச்சிருக்கே? எல்லாரும் கேக்கட்டும்."

பாரி எழுந்தான். "எ... என் பே... ப... ப..."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெரியவர்கள்தான். ஒருவர் சிரிப்பு இன்னொருவருக்குத் தொற்றியது. "பேரே சொல்ல வரலை. இதுக்குத்தான் வீட்டுப் படிப்பா?" என்றார் செக்ரட்டரி.

மே மாசம் சார் எழுந்து வந்து பையனின் கையைப் பிடித்தார். இந்த முறை ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. ஆனால் பையன் நகரவில்லை. அப்பாவின் கையை விடுவித்துக்கொண்டு அங்கேயே நின்றான். கழுத்து நரம்பு புடைத்தது. சிரித்தவர்கள் சிரித்து ஓய்ந்தார்கள். நாற்காலி கிறீச்சிடும் சத்தம்கூட நின்றுபோனது. "பாரி" என்று சொல்லி முடித்த பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.

அதற்கப்புறம் தீர்மானத்தை நிறைவேற்றினார்கள். கொஞ்சமாவது வெட்கப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். டீ, பிஸ்கட் வந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் அண்ணா நகரில் இருந்தார். அவருக்கு போன் போயிற்று. மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவர்கள் போகும் முன்பே வாசலில் வாடகைக்கு அட்டை தொங்கியது: 'பள்ளி செல்லும் குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு மட்டும்'. நல்லவேளை, பெரியவர்களும் பள்ளி செல்ல வேண்டும் என்று போடவில்லை.

செக்ரட்டரியின் தாயாருக்குச் சர்க்கரை வியாதி. தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட்டுவந்தது மே மாசம் சாரின் மனைவிதான், இலவசமாக. தீர்மானம் நிறைவேறிய மறுநாளும் போய்ப் போட்டார். டெம்போவில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த காலையிலும், பாதியில் கை கழுவிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வந்தார். "நாளையிலேர்ந்து யாரு வருவாங்க?" என்று அந்த வீட்டில் கேட்டார்களாம். வருத்தத்தில் அல்ல, ஏற்பாட்டுக்காக.

அவர்கள் பீர்க்கன்கரணைக்குப் போனார்கள். பிறகு பெருங்களத்தூரைத் தாண்டி எங்கோ போனதாகக் கேள்விப்பட்டேன். அதற்குமேல் தொடர்பு விட்டுப்போனது. நித்யா மறுபடி வேனில் ஏறினாள். விக்னேஷ் ஏறினான். காலனி அமைதியாக இருந்தது.

சில வருஷம் கழித்து ஒருநாள் செக்ரட்டரி என்னைக் கேம்ப் ரோட்டில் நிறுத்தினார். முகமெல்லாம் பல். "சார், விக்னேஷுக்கு மேக்ஸ்க்கு ஒருத்தர் கிடைச்சிருக்கார். கிழக்குத் தாம்பரத்துல கோச்சிங் சென்டர். வைரம் சார்! சத்தம் மூச் வராது கிளாஸ்ல. நிமிஷத்துக்கு ஒரு கணக்கு. யாருன்னு நெனைக்கறீங்க? நம்ம மே மாசம்தான்! பழசையெல்லாம் மனசுல வெச்சுக்கலை பாருங்க. பெரிய மனுஷன்." நித்யாவைச் சேர்க்க வேண்டுமானால் தான் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார்.

நான் போனேன், சிபாரிசு இல்லாமல். மே மாதம். ஊரில் மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் லீவு. அந்தக் கட்டடத்துக்குள் மட்டும் வரிசை வரிசையாகப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு பேனர். அதில் அவர் படம், டை கட்டியிருந்தார். கீழே 'கணிதப் புலி' என்று போட்டிருந்தது.

வகுப்புக்கு நடுவே வெளியே வந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூணாவது வீட்டையும் காலி பண்ணச் சொன்னாங்க சார். என் சம்சாரம் ஆஸ்பத்திரியில பேஷன்ட்டைத் தூக்கும்போது முதுகு பிடிச்சு வேலையும் போச்சு. ஆனா அதுக்காக இங்க வரலை," என்றார். "ஒருநாள் பாரிதான் வந்து சொன்னான். 'அப்பா, என்னாலதான் வீடு மாத்திக்கிட்டே இருக்கோம். நான் ஸ்கூலுக்குப் போறேன், நீங்க வேலைக்குப் போங்க'ன்னான். அதைச் சொல்லி முடிக்க அவனுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? நான் குறுக்கே பேசலை. பேசியிருக்கணுமோ என்னவோ."

"இப்ப எப்படி இருக்கான்?"

"திக்குது. கேலி பண்றாங்க. ஆனா பேச்சை நிறுத்தறதில்லை. நிறுத்தாம பேசறான்னு மிஸ்ஸுங்க கம்ப்ளெயின்ட் வேற." சொல்லும்போது கொஞ்சம் சிரித்தார். "உங்க பொண்ணு?"

"பதினொண்ணாவது போறா. பத்தாவதுல தொண்ணூத்தி நாலு..."

"அது கிடக்கட்டும் சார். நல்லா இருக்காளா?"

அந்தக் காலனியில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். என் பெண்ணைப் பற்றி யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. நானும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. அதற்குள் மணி அடித்தது. டையை இறுக்கிக்கொண்டு அவர் உள்ளே போய்விட்டார்.

என் பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்து போனது. வகுப்பு முடிந்து அவர் வெளியே வரட்டும், ஒரு டீயாவது வாங்கிக்கொடுக்கலாம் என்று அந்த வெயிலில் நின்றுகொண்டிருந்தேன்.